துருவ ஆராய்ச்சியும் நெய்வேலியும்: கருத்தரங்கத் தலைமை உரை



துருவப் பிரதேசங்களின் உயிரினங்கள், சமுத்திரம், பனி, மேல் வளிமண்டலம் ஆகியவற்றைக் குறித்த இந்தக் கருத்தரங்குக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்த செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர், பனி என்பதை மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் மட்டுமே கண்டறிந்த இந்த ஊரில், பங்குனி பிறந்தாலே தரை தகிக்கத் தொடங்கும் இந்தக் கடலூர்ச் சீமையில், இப்படி ஒரு கூட்டம் எதற்கு என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. சுரங்கத்தின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நான், துருவங்களை நேரில் கண்டவனல்லன். ஆயினும் அந்தப் பணியே எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு விடையைக் கற்பித்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, சபையை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

ஒரு வருஷத்தை முதலில் நினைவுகூர வேண்டும். 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி, பாரதப் பிரதமர் ஜவஹர்லால் நேரு இந்த மண்ணில் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்; ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கறுத்த பொருள் ஒன்று மேலே வந்த நாள் முதலாக இருபதாண்டுக் காலம் கனவாக இருந்தது அன்றைக்குக் காரியமாயிற்று. அதற்குப் பின் சரியாக ஆறு வாரங்களில், ஜூலை மாதம் முதல் தேதியன்று, சர்வதேசப் பூபௌதிக ஆண்டு என்ற மாபெரும் விஞ்ஞான முயற்சி உலகெங்கும் தொடங்கியது. அரசியலில் ஒருவரையொருவர் நம்பாத தேசங்கள்கூட, பூமியின் காந்தம், வானிலை, பனி, கடல், அயனிமண்டலம் ஆகியவற்றை ஒரே காலத்தில் ஒரே முறையில் அளப்பதற்கு அப்போது ஒப்புக்கொண்டன. நமது தேசமும் அதில் பங்கு கொண்டது. நாம் இங்கே மேல்மண்ணை அகற்றத் தொடங்கிய அதே பருவத்தில், அண்டார்க்டிகாவில் மனிதர்கள் குளிர்காலம் முழுவதும் தங்கி, அளந்து, எழுதி வைக்கத் தொடங்கிய நிலையங்கள் பல எழுந்தன. நெய்வேலியும் அந்த நிலையங்களும் ஒரே வயதுக் குழந்தைகள்.

இனி என் பணியைச் சொல்கிறேன். நமது நிலக்கரிப் படுகைக்கு அடியில், பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் நீர்த்தேக்கம் ஒன்று இருப்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்த நீரைப் பகலும் இரவும் பம்புகளால் இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் தளமே பொத்துக்கொண்டு வெள்ளம் புகுந்துவிடும். பொங்கலும் தீபாவளியும் பம்புக்கு இல்லை. நீர்மட்டத்தை அளந்து எழுதும் பதிவேட்டுக்கும் இல்லை. ஒரு நாள் விட்டுப்போன கட்டத்தை மறுநாள் ஊகித்து நிரப்ப முடியாது என்று என் மேலாளர் எனக்கு முதல் வாரத்திலேயே கற்பித்தார். துருவ ஆராய்ச்சியின் உயிர்நாடியும் இந்த இடையறாமைதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். துருவத்தை எட்டிக் கொடி நாட்டிய வீரர்களின் புகழ் பெரிதாயினும், அங்கேயே தங்கி ஆண்டுதோறும் ஒரே எண்ணை அளந்தவர்களின் பிரயாசை அதனினும் பெரிது.

இதற்குச் சான்றாக ஹாலி என்னும் பிரிட்டிஷ் நிலையத்தின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பூபௌதிக ஆண்டை முன்னிட்டு 1956-இல் மிதக்கும் பனித்தட்டின் மேல் நிறுவப்பட்ட அந்நிலையத்தில், டாப்ஸன் கருவி என்னும் ஒளியளவியைக் கொண்டு, தலைக்கு மேலுள்ள ஓசோன் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் அளந்துவந்தார்கள். ஆண்டுகள் பலவாக எண்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே வந்தன. இத்தகைய அளவையால் என்ன பயன் என்று கேட்போரும் எங்கும் இருப்பார்கள். ஆனால் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் மாதத்து ஓசோன் மட்டும் சரியத் தொடங்கி, எண்பதுகளின் நடுவே பழைய அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைந்துபோனதைக் கண்டு, ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவர் 1985-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். முந்தைய இருபது ஆண்டுகளின் சலிப்பூட்டும் எண்கள் இல்லாதிருந்தால், இந்தச் சரிவு எதனோடு ஒப்பிடப்பட்டிருக்கும்? குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் நாம் பயன்படுத்திய குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் மேலே சென்று, துருவ இருளின் கொடுங்குளிரில் திரளும் மெல்லிய மேகங்களின் துகள்மீது குளோரினாக விடுபடும் நிலையை எய்தி, வசந்தத்தில் சூரியன் மீண்டும் தோன்றியதும் ஓசோனை அழிக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. 1987-இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. அந்த ஓசோன் ஓட்டை இப்போது மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது. மனித குலம் தன் பிழையைக் கண்டு திருத்திக்கொண்ட மிக அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

நமக்கு இன்னும் நெருங்கிய சம்பந்தமுடைய நிலையம் வேறொன்று. நமது முதல் அனல்மின் நிலையத்தை எழுப்பித் தந்த சோவியத் நாட்டவர், 1957 டிசம்பரில், அண்டார்க்டிகாவின் உள்நாட்டுப் பீடபூமியில் வோஸ்டாக் என்ற நிலையத்தை அமைத்தார்கள். 1983 ஜூலை 21 அன்று அங்கே பதிவான பூஜ்யத்துக்குக் கீழ் 89.2 டிகிரி, நிலத்தின்மீது கருவியால் நேரில் அளக்கப்பட்ட மிகக் கடுமையான குளிராகும். அவ்விடத்தில் பனியைத் துளையிட்டு இறங்கினார்கள். 3,600 மீட்டருக்கும் ஆழம் சென்றார்கள். விழுந்த பனி ஆண்டுதோறும் அடுக்கடுக்காக அமுங்கி இறுகும்போது, அந்தந்தக் காலத்துக் காற்றையும் குமிழிகளாகத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. ஆகவே ஆழத்துப் பனியை உடைத்தால், நாலு லட்சம் ஆண்டுக்கு முந்திய காற்று வெளிப்படுகிறது. துளையிட்டு எடுத்த மண்தண்டுகளை வரிசைப்படுத்தி வைத்து, எத்தனை மீட்டரில் மணல், எத்தனை மீட்டரில் களிமண், எங்கே கரி என்று படித்துப் பழகிய நெய்வேலிக்காரர்களுக்கு இந்த வித்தையை நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு ஐரோப்பியர் வேறோரிடத்தில் துளையிட்டு எட்டு லட்சம் ஆண்டு வரை சென்றார்கள். அத்தனை காலத்திலும் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது.

அந்த உயர்வில் நமது புகைபோக்கிகளின் பங்கும் உண்டு. அதை இந்த மேடையில் நான் மறைக்கப் போவதில்லை. இருளில் கிடந்த கிராமங்களுக்கு விளக்கும், வறண்ட கழனிகளுக்குப் பம்புசெட்டும் தந்தது இந்தக் கரி. நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது இந்தக் கரி. அந்த நன்றியை நான் மறவேன். அதே கரியின் மூச்சு வருங்காலத்துப் பனியிலும் குமிழியாகப் பதிந்து நிற்கும் என்பதை அறிந்துகொண்டே நாம் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இக்கருத்தரங்கு இங்கே நடப்பதை நான் விசேஷமாக வரவேற்கிறேன்.

நமது தேசத்தின் முயற்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டாக்டர் காசிம் அவர்களின் தலைமையில் முதல் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கியது. பனித்தட்டின் மேல் கட்டிய ‘தட்சிண கங்கோத்ரி’ சில ஆண்டுகளில் பனியுள் புதைந்தது. அதன்பின் பாறையின் மேல் ‘மைத்ரி’யும், 2012-இல் லார்ஸ்மன் குன்றுகளில் ‘பாரதி’யும் எழுந்தன. வடதுருவத்தின் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில், 2008 முதல் ‘ஹிமாத்ரி’ இருக்கிறது.

இந்த ஆராய்ச்சியில் தமிழகம் வெறும் பார்வையாளராக இல்லை. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், காந்தப் பூமத்திய ரேகைக்கு அண்மையில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்குகிறது. அவ்விடத்துக்கும் மைத்ரிக்கும் என்ன உறவு? உலகெங்கும் எந்நேரமும் எங்கேனும் இடி இடித்துக்கொண்டேயிருக்கிறது. அந்த இடிமேகங்கள் யாவும் கூடி, பூமிக்கும் மேல் வளிமண்டலத்துக்கும் இடையே ஒரு மின்னழுத்தத்தை நிறுத்தி வைக்கின்றன. மேகமற்ற தெளிந்த நாளில் அந்த மின்சாரம் மிக மெல்லியதாய்க் காற்றின் வழியே தரைக்கு இறங்குகிறது. தூசும் புகையும் இல்லாத அண்டார்க்டிகாவில் அதைக் கலப்பின்றி அளக்கலாம். திருநெல்வேலிச் சீமையிலும் அளந்திருக்கிறார்கள். உள்ளூர்ச் சூரியன் உதித்தாலும் மறைந்தாலும், தூய காற்றுள்ள இடமெங்கும் அந்த அளவு கிரீன்விச் நேரம் மாலை ஏழு மணியை ஒட்டி, நமக்கோ நள்ளிரவு பன்னிரண்டரை மணியை ஒட்டி, உச்சம் பெறுகிறது. பூமி முழுவதற்கும் ஒரே நாடி. சூரியப் புயல் அடிக்கும்போதும் இப்படித்தான்: துருவ வானில் ஒளித்திரை விரிக்கும் மின்னோட்டங்களின் அதிர்வு, சில நிமிஷங்களுக்குள் காந்தப் பூமத்திய ரேகையின் மேலுள்ள மின்னோட்டத்திலும் தென்படுகிறது.

கடலைப் பற்றி இரு செய்திகள். இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே வாயில் இல்லை. ஆகவே நமது கடலூர்க் கரைக்கு அப்பால் வங்கக் கடலின் அடியாழத்தில் இருண்டு குளிர்ந்து கிடக்கும் நீர், அண்டார்க்டிகாவின் ஓரத்தில் குளிர்ந்து கனத்து மூழ்கிய நீரின் வழிவந்தது. மற்றொன்று, தென்துருவப் பனி அனைத்தும் உருகினால் உலகக் கடல் ஏறக்குறைய 58 மீட்டர் உயரும் என்பது கணக்கு. ஒரு சிறு பகுதி உருகினாலும் அந்த நீர் எங்கும் சமமாகப் பரவாது. பனிமலையின் பெருந்திணிவு இப்போது கடல்நீரைத் தன் பக்கம் ஈர்த்து வைத்திருக்கிறது. அது குறையும்போது அருகிலுள்ள கடல் தாழ்ந்து, தொலைவிலுள்ள கடல்கள் சராசரியைவிட மிகுதியாக உயரும். தென்துருவத்துக்குத் தொலைவில் இருப்பதால் நாம் தப்பிவிட்டோம் என்று நினைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். வடதுருவத்துக் காங்ஸ் ஃபியோர்டு என்னும் கடற்கழியில், 192 மீட்டர் ஆழத்தில், 2014 ஜூலையில் இறக்கப்பட்ட ‘இண்டார்க்’ என்னும் அளவைக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதைச் சொல்லும்போது என் உள்ளம் பூரிக்கிறது.

உயிரினங்களைப் பற்றிப் பேச இங்கே என்னினும் தகுதி மிக்கவர்கள் வந்திருக்கிறார்கள்; எனவே இரண்டே சொல்கிறேன். வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் என்று ஒரு கடற்பறவை உண்டு. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, கரும்பழுப்பு உடலில் வால் தொடங்குமிடத்தில் மட்டும் வெண்மை. அண்டார்க்டிகாவின் பாறை இடுக்குகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் இறங்கும்போது இந்தியப் பெருங்கடலைக் கடந்து நம் பக்கத்துக் கடல்கள் வரை வருகிறது. மற்றொன்று பேரரசப் பெங்குவின். உறைகடலின் மேல், இரண்டு மாதக் காலம் உணவின்றி, ஆண் பறவை முட்டையைத் தன் பாதங்களின் மேல் தாங்கி நிற்கும். ஓசோனை அளந்த அந்த ஹாலிக்கு அருகிலேயே இருந்த மாபெரும் பெங்குவின் குடியிருப்பில், 2016 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், குஞ்சுகளுக்கு நீந்தும் இறகு முளைக்குமுன்பே பனித்தளம் உடைந்துபோனதால் அந்தத் தலைமுறைகள் ஏறக்குறைய முழுதும் அழிந்தன. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்தச் சபையின் முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கிறேன். இந்நகரில் ஆறு தசாப்தங்களாக நிலத்தடி நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து எழுதிய கைகள் எத்தனையோ. அந்த எண்களைத் திரட்டி, படியெடுத்து, பல்கலைக்கழக மாணவர்கள் ஆராயத்தக்க வடிவில் வைப்பதற்கு இங்கே கூடியிருக்கும் அறிஞர்கள் வழிவகை சொல்ல வேண்டும். அதற்காக நாளை மாலை அமர்வில் ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்களும் அன்போடு இசைந்திருக்கிறார்கள். என் கையெழுத்தில் உள்ள பக்கங்களை அடையாளம் காட்டவும், அழிந்த எழுத்துகளைப் படித்துச் சொல்லவும் நான் வந்து உட்காருவேன்.

முதல் அமர்வு வளிமண்டல மின்சாரத்தைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.