ரிலேயும் கிணற்று மோட்டாரும்



சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஏரிகள் வற்றிய காலத்தும் கரும்பையும் நிலக்கடலையையும் காப்பவை ஆழ்குழாய்க் கிணறுகளே. மின்சாரம் நள்ளிரவில் வருமாயின், ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்த உழவர் பாம்புக்கஞ்சி வரப்பில் நடக்கவேண்டும். அந்நடையை ஒழிக்க வந்ததே ஆட்டோ ஸ்டார்ட்டர்.

அதன் உயிர்நாடி ரிலே. சிறு மின்னோட்டம் கம்பிச்சுருளைக் காந்தமாக்கும். காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு வேறொரு மின்சுற்றை மூடும். அதன் முனைகளைப் பொத்தானுக்கு இணையாகப் பொருத்தினால், விரலின் வேலையை ரிலே செய்துவிடும். குளிர்நாடுகளில் எரிவாயுக் கணப்பின் சுவர்விசைக்கும் இவ்வாறே ரிலே பொருத்துகின்றனர்.

ஆனால் பொத்தானுக்கு இணையாகவேயன்றிக் காவலுக்கு இணையாக அன்று! மும்முனை மின்சாரத்தில் ஒருமுனை அற்றால் மோட்டார் சூடேறிச் சுருள் கருகும். அதற்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவே ஓவர்லோட் ரிலே இருக்கிறது. அடிக்கடி நிற்கிறதென்று அதனையே கம்பியிட்டுத் தாண்டிவிடுவோரும் உளர். அவர்கள் மிச்சப்படுத்துவது நடையை, இழப்பது மோட்டாரை.

இன்னொன்று. நேரடியாகத் தொடங்கும் மோட்டார் முதற்கணத்தில் இயல்பினும் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மின்சாரம் மீண்டவுடன் ஊர் மோட்டார்கள் யாவும் ஒருங்கே எழுந்தால் டிரான்ஸ்பார்மர் என்னாகும்? தெலங்கானாவில் 2018இல் உழவுக்கு 24 மணி நேர மின்சாரம் வந்தபோது, நிலத்தடி நீர் வீணாகுமென அஞ்சி, ஆட்டோ ஸ்டார்ட்டரை அகற்றுமாறு அரசே வேண்டிற்று. அவ்வளவு வேண்டாம் என்பேன். தாமதித்துத் தொடங்கும் ரிலேயும், நீரின்றி ஓடினால் நிறுத்தும் காவலும் சேர்த்தால் போதும். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளோர் கூடிப் பேசி, ஒருவர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு என்று தாமதத்தை வகுத்துக்கொள்ளலாம்.