அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

வயலுக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டு, கிரயத்துக்கு முன்பே மனை பிரிப்பவரிடம் கைமாற்றிவிட்டால் லாபம்தானே என்று நம் குடியிருப்பில் இருவர் கேட்டார்கள்.

நம் பக்கம் விலை மா கணக்கில் பேசுவார்கள். ஒரு மா சுமார் 14,500 சதுர அடி. அதை மனை விலையால் பெருக்கினால் தலை சுற்றும்! சாலை, பொது இடம் போக மிஞ்சுவதுதான் மனை. டி.டி.சி.பி. அப்ரூவல் இல்லாத புது மனை பதிவே ஆகாது. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% வேறு. இதையெல்லாம் கழித்துத்தான் அவர் விலை சொல்வார். நீங்களும் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். நான் செய்யவில்லை. ஓய்வூதியப் பணத்தில் 2 லட்சம் கொடுத்தேன். வாங்க வந்தவர் வில்லங்கச் சான்றில் பழைய அடமானத்தைப் பார்த்து விலகினார். வங்கியில் பிறருக்காக அதைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். பணம் இன்னும் வரவில்லை.

அந்த இருவரும் பத்திர நகலோடு வரட்டும், உட்கார்ந்து பார்ப்போம்.