முதலில் உயிர், பிறகு புத்திமதி

(பொன்விழாவின் இரண்டாம் நாள் மாலை, பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பங்கின் பெருமைகளைப் பேசுவதே வழக்கம். கோயில் எழும்பிய கதையையும் பள்ளிக்கூடம் வளர்ந்த கதையையும் நேற்று நம் பெரியவர்கள் அழகாக எடுத்துரைத்தார்கள். இன்று நாம் பேசப்போவது அத்தனை இனிமையான காரியமன்று. கள்ளச் சாராயத்தையும் போதைப் பொருள்களையும் பற்றிப் பேசப்போகிறோம். "குடிக்காதே என்றுதானே சாமி மறுபடியும் சொல்லப்போகிறார்" என்று பின்வரிசையில் சிலர் புன்னகை செய்வது நமக்குத் தெரிகிறது. அதைப் பல முறை சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். ஆனால் இன்றைய கேள்வி வேறு. ஒருவன் குடித்துவிட்டான், அல்லது மாத்திரையை விழுங்கிவிட்டான். அதில் நஞ்சு கலந்திருக்கிறது. அந்த நேரத்தில் நம் கடமை என்ன?

முதலில் நம்முடைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றினோம். ஒரு நாள் இரவு பத்து மணிக்குமேல் கதவைத் தட்டும் ஓசை கேட்டது. கூலி வேலை செய்யும் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். "சாமி, எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியாத் தெரியலையாம். ஒரே பனியா இருக்குதுங்கிறார். வயிறும் வலிக்குதாம்" என்றார். அவர் கணவர் குடிப்பவர் என்பது ஊரறிந்த செய்தி. அன்று பகல் முழுவதும் அலைந்து களைத்திருந்த நமக்குக் கோபம்தான் வந்தது. "குடிச்சவனுக்குக் கண்ணு வேற எப்படிம்மா தெரியும்? தூங்கி எந்திரிக்கட்டும். காலையில கூட்டிக்கிட்டு வா, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம்.

காலையில் அந்த மனிதர் வரவில்லை. நாம்தான் போனோம். அவருக்கு இரு கண்களும் தெரியவில்லை, மூச்சு இரைத்தது. அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். உயிர் பிழைத்தது, பார்வை திரும்பவில்லை. "நேற்று ராத்திரியே ஏன் கொண்டுவரவில்லை?" என்று டாக்டர் கேட்டார். அந்த அம்மாள் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அன்று நாம் பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை.

அந்த மனிதரின் கண்ணைப் பறித்தது எது? டாக்டர் நமக்கு விளக்கினார். மெத்தனால் என்பது பெயிண்ட், வார்னிஷ் போன்றவற்றுக்கும் பல தொழிற்சாலைகளுக்கும் பயன்படும் ஒரு திரவம். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயத்தைப் போலவே இருக்கும். பேராசை பிடித்தவன் விலை குறைந்த அதைச் சாராயத்தில் கலக்கிறான், அல்லது சாராயம் என்றே விற்கிறான். குடித்தவருடைய ஈரல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலமே கண் நரம்பைக் கெடுக்கிறது. இரத்தத்தைப் புளிக்கச் செய்து உயிரையும் வாங்குகிறது.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், மூச்சு வாங்குதல் ஆகியவை தொடங்கும். வேறு மதுவும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். "நேற்றுக் குடித்ததற்கு இன்று என்ன வரும்?" என்று வீட்டார் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் வைத்தியம் உண்டு. அமிலம் உண்டாவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அது கிடைக்காத இடத்தில் வேறு மாற்று முறிவும் கொடுக்கிறார்கள். இரத்தச் சுத்திகரிப்பும் செய்கிறார்கள். இவையெல்லாம் டாக்டர் கையில் நடக்க வேண்டியவை. வீட்டில் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துக் காத்திருப்பது காலத்தைக் கொல்வதாகும்.

2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். முதலில் இறந்தவர்களின் துக்க வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. அன்பர்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள். "இவர் சாராயத்தால் செத்தார், அந்தச் சரக்கைத் தொடாதீர்கள்" என்று ஒரு குரல் உடனே தெருவெங்கும் கேட்டிருந்தால்? மானம் போகும் என்று ஒரு வீடு வாயை மூடினால், அடுத்த வீட்டிலும் பாடை கட்டவேண்டி வருகிறது.

எச்சரிக்கைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். நெதர்லாந்து நாட்டில் 1992 முதல் ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. போதை மாத்திரை வைத்திருப்பவர், தம் பெயரைச் சொல்லாமலே, அதைக் குறிப்பிட்ட நிலையங்களில் சோதனைக்குக் கொடுக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து சொல்கிறார்கள். 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை பதித்த இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று அப்படிச் சோதனைக்கு வந்தது. எதிர்பார்த்த பொருளுக்குப் பதிலாக அதில் பி.எம்.எம்.ஏ. என்ற கொடிய நஞ்சு மிகுதியாக இருந்தது. அது மெதுவாக வேலை செய்வது. "ஒன்றும் ஏறவில்லையே" என்று இரண்டாவதையும் விழுங்குகிறவன் செத்துப்போவான். உடனே நாடு முழுவதும் எச்சரிக்கை கொடுத்தார்கள். அங்கே அந்த மாத்திரையால் எவரும் இறக்கவில்லை. அதே மாத்திரை இங்கிலாந்துக்கும் போயிருந்தது. அங்கே கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களையொட்டி நான்கு பேர் மாண்டார்கள். மாத்திரை ஒன்றுதான். ஓர் ஊரில் எச்சரிக்கை முந்திக்கொண்டது. மற்றோர் ஊரில் சாவு முந்திக்கொண்டது.

இங்கே உங்களில் ஒருவர் நியாயமான ஆட்சேபம் எழுப்பலாம். "சாமி, மாத்திரையைச் சோதித்துக் கொடுப்பது, தைரியமாகச் சாப்பிடு என்று சொல்வதாகாதா? பாவத்துக்கு உடந்தையாவதில்லையா?" இக்கேள்வியைத் திருச்சபையும் கேட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், போதை ஊசி போடுவோர் செத்துப்போகாதபடி செவிலியர் கண்காணிப்பில் ஓர் இடம் அமைக்க நம் கன்னியர் சபை ஒன்று முன்வந்தது. 1999-இல் ரோமை அதற்கு இசையவில்லை. சகோதரிகள் கீழ்ப்படிந்து விலகினார்கள். வேறொரு கிறிஸ்தவ சபை அப்பணியை ஏற்று 2001-இல் அந்நிலையத்தைத் திறந்தது. ஆகவே இது எளிதான கேள்வி என்று நாம் சொல்லவில்லை. நல்ல மனமுள்ளவர்கள் இதில் வேறுபடுகிறார்கள்.

ஆனால் குருமடத்தில் நாம் கற்ற அறநெறி ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. பிறனுடைய தீச்செயலை விரும்பி அதில் பங்கு கொள்வது ஒன்று. அத்தீச்செயலால் விளையும் கேட்டைக் குறைக்க முயல்வது வேறொன்று. பெருந்தீமை செய்யத் துணிந்துவிட்டவனைச் சிறு தீமையின் பக்கம் திருப்புவது தகும் என்று, ஒப்புரவுக் குருக்களின் பாதுகாவலரான புனித அல்போன்ஸ் லிகோரியார் கருதினார். அதுவும் போகட்டும். "இதில் நஞ்சு இருக்கிறது" என்று உண்மையைச் சொல்வது எந்தப் பாவத்துக்கும் உடந்தையன்று. நஞ்சுண்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதும் உடந்தையன்று. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனிடம், "இந்த வழியில் ஏன் தனியாக வந்தாய்?" என்று சமாரியன் கேட்டதாக நாம் படிக்கவில்லை.

நம் ஊரில் அத்தகைய சோதனைச் சாலை இல்லை. முகர்ந்து பார்த்தும், கொளுத்திப் பார்த்தும் நல்லது கெட்டது கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். மெத்தனால் அந்தச் சோதனைகளுக்குப் பிடிபடாது. நம்மால் ஆகக்கூடியவை வேறு உண்டு. அவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி தாமதமானால் பங்கின் ஜீப் இருக்கிறது. சாவி நம் மேசைமேல் இருக்கிறது. நினைவிழந்தவரை மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டு மானத்தைக் காக்கப்போய் ஆளையே இழக்காதீர்கள். எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று சொல்லுங்கள். மீதமிருக்கும் பாக்கெட்டையோ பாட்டிலையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அதே சரக்கைக் குடித்த மற்றவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரும் இளைஞர் மன்றத்தாரும் இதைத் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கோயில் ஒலிபெருக்கி திருவிழாவுக்கு மட்டும் உரியதன்று. இப்படிப்பட்ட எச்சரிக்கைக்கும் அது உதவட்டும்.

இளைஞர்களே, வெளியூரில் படிக்கும்போது யாரேனும் மாத்திரையோ பொடியோ நீட்டினால் தொடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது. அதையும் மீறித் தவறிவிட்டால், பயந்து ஒளிந்துகொள்ளாதீர்கள். பெற்றோர்களே, அப்படி ஒரு பிள்ளை இரவில் போன் செய்தால், முதல் வார்த்தை திட்டாக இருக்க வேண்டாம். "எங்கே இருக்கிறாய்?" என்று கேளுங்கள்.

பார்வையிழந்த அந்த மனிதர் பிறகு குடியை விட்டார். ஞாயிறுதோறும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வருவார். நாம் மாற்றலாகிப் புறப்பட்ட நாளில் நம் கையைத் தடவிப் பார்த்து, "சாமி, நீங்க நல்லாயிருக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாம், வாழ்த்தியவர் அவர்.

இந்தப் பங்கில் நம் கதவு எந்த இரவிலும் சாத்தியிருக்காது. புத்திமதி சொல்ல மறுநாள் இருக்கிறது. ஆள் உயிரோடு இருந்தால்தான் அந்த மறுநாள்.

இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.