மாடியில் ஓர் அறை, மூன்று விலை



எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மகனுக்காக ஓர் அறை எடுக்கலாம் என்று முடிவானது. உள்ளளவு பன்னிரண்டுக்குப் பதினைந்து. மூன்று மேஸ்திரிகளைக் கூப்பிட்டோம். முதலாமவர் வாசலில் நின்றபடியே மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, சதுர அடிக்கு ஒரு ரேட் சொன்னார். இரண்டாமவர் அதில் நூறு ரூபாய் குறைத்தார். மனசு குறைத்தவர் பக்கம் சாய்ந்ததை ஒளிப்பானேன்?

என் மனைவிதான் கேட்டாள், "சதுர அடின்னா, எந்தச் சதுர அடி?"

உள்ளே அளந்தால் 180. ஒன்பது அங்குலச் சுவரையும் சேர்த்து வெளியே அளந்தால் பதிமூன்றரைக்குப் பதினாறரை, ஏறத்தாழ 223. அறை அதேதான், 43 சதுர அடி கூடிவிட்டது. பேச்சுக்கு 2,500 ரூபாய் ரேட் என்று வைத்துப் பாருங்கள், லட்சத்தைத் தாண்டுகிறது. நூறு குறைத்தவர் வெளியளவுக்காரர். சன்ஷேடையும் பாதிக் கணக்கில் சேர்ப்பாராம். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பலர் அப்படித்தான் அளக்கிறார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அது நம் தப்பு.

அன்று இரவே ஒரு தாளில் எழுத உட்கார்ந்தோம். லேபர் மட்டுமா, மெட்டீரியலும் சேர்த்தா? என்ன சிமெண்ட், என்ன கம்பி? கைப்பிடிச் சுவரும் மேலே பதிக்கிற தட்டோடும் ரேட்டுக்குள் வருமா? எம் சாண்டையும் செங்கல்லையும் மாடிக்கு ஏற்றும் கூலி யாருடையது? சென்ட்ரிங் பலகை வாடகை? இடிசலை அள்ளும் வண்டி? ஜி.எஸ்.டி. உண்டா? பிளான் அனுமதிக்கு அலைவது யார்? மூவருக்கும் அதே தாளைக் கொடுத்தோம். குறைந்த விலைக்காரர் தாளில் பாதிக்கு மேல் "பார்ட்டி கணக்கு" என்று திரும்பி வந்தது. பார்ட்டி என்றால் நாங்கள்தான்!

பணம் கொடுப்பதையும் அதிலேயே எழுதிவிட்டோம். அட்வான்ஸ் கொஞ்சம், லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு பங்கு, தளம் போட்டதும் ஒரு பங்கு, பூச்சுக்குப் பிறகு ஒரு பங்கு. மிச்சம், ஒரு மழை பார்த்த பிறகு.

புது வீட்டுக்கு விலை கேட்பது வேறு, இருக்கிற வீட்டின் தலையில் ஏற்றுவதற்குக் கேட்பது வேறு. கட்டியபோது பின்னாளுக்கென்று பில்லர் கம்பியை மாடியில் நீட்டி விட்டிருப்பார்கள். புதுக் கம்பியை அதோடு ஒட்டிக் கட்டத்தான் அந்த நீளம். 12 மி.மீ. கம்பிக்குச் சுமார் இரண்டடியாவது வேண்டும். எங்கள் மாடியில் ஓரடிகூட இல்லை, அதுவும் துரு உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல்தளத்தை உடைத்து நல்ல கம்பியைத் தேட வேண்டும், அது தனிச் செலவு. பில்லரே இல்லாமல் சுவர் மேல் நிற்கிற வீடு என்றால் மேஸ்திரிக்கு முன்னால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது மேஸ்திரி இதையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், விலை மட்டும் சொல்லவில்லை. "அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் சார்?" என்றார். வீட்டைக் கட்டியவர் என் அப்பா. அவர் இப்போது இல்லை. எனக்குத் தெரியாது என்றேன்.

மறுநாள் காலை ஓர் ஆளோடு வந்தார். மூலை பில்லர் ஓரமாகக் குழி வெட்டச் சொல்லி, தானே இறங்கி, டேப்பை வைத்து அளந்து, துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இப்பக் கேளுங்க சார், ரேட்டு சொல்றேன்."