கடல் கடந்து கற்கச் செல்லும் நம் மக்கள்

(நம் சங்கத்தின் ஆதரவில் திருநெல்வேலியில் நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகளுட் சிலர், ஒரு பருவகாலம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற் படித்து மீள விழைகின்றனர். அவர்கட்குச் சங்கம் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொருளுதவி செய்து வழியனுப்பினால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவார் பலர். அது கடமையிற் பாதியே என்பது நம் துணிபு.

பொருநைக் கரையினர்க்குக் கடற்செலவு புதியதன்று. தூத்துக்குடித் துறையினின்று வாணிகத்தின் பொருட்டுக் கொழும்பு சென்றோர் பலர். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியதும் அவ்வழியிற் கப்பல் விடுதற்கே. கல்வியின் பொருட்டுச் சென்றோரும் உளர். நம் சிந்துபூந்துறையிற் பிறந்த வில்லியம் தாமஸ் சத்தியநாதன் அவர்களின் மைந்தர் சாமுவேல் சத்தியநாதன், கேம்பிரிட்ஜ் சென்று பயின்று மீண்டு, சென்னை இராசதானிக் கல்லூரியிற் பேராசிரியராய் விளங்கினார். ஆங்கிலப் பல்கலைக்கழகத்திற் கழித்த நான்கு ஆண்டுகளைப் பற்றி 1890-இல் ஒரு நூலும் வெளியிட்டார். முன் சென்றவர் தாம் கண்டதை எழுதிவைத்தல், பின் செல்வோர்க்குப் பேருதவியன்றோ?

நிற்க. அயல்நாட்டுக் கல்வியின் ஆக்கத்தையும் அல்லலையும் ஒருங்கே காட்டுவது கணித மேதை இராமாநுஜன் அவர்களின் வாழ்க்கை. ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற் கணக்கராயிருந்த அவர், 1914 மார்ச்சு 17-இல் கப்பலேறி, ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. டிரினிடி கல்லூரி 60 பவுன் அளித்தது. சென்னை அளித்த தொகையில் 50 பவுனைத் தம் குடும்பத்திற்கு ஒதுக்கினார். ஆகவே, பணம் அவர்க்குக் குறையன்று. ஹார்டி என்னும் கணித அறிஞரின் துணையும் இருந்தது. 1916-இல் பட்டம் பெற்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிடி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆயினும், வாழ்க்கையின் சிறு செய்திகளைச் சொல்லிக்கொடுப்பார் இலர். குளிர்காலத்தில் ஒருநாள் அவரைக் காணச் சென்ற வங்க மாணவர் மகலனோபிஸ், அவர் மேலங்கியோடும் சால்வையோடும் உறங்குவதை அறிந்தார். படுக்கையிற் கம்பளிகள் ஒழுங்காய் விரித்துச் செருகப்பட்டிருந்தன; அவற்றினுள்ளே புகுந்து படுத்தல் வேண்டும் என்பதை அவர்க்கு எவரும் கூறவில்லை! எண்களின் இரகசியமெல்லாம் உணர்ந்தவர், ஒரு கம்பளியின் பயன் அறியாது குளிரில் நடுங்கினார். கூறுதற்கு ஒரு தோழர் போதும். அத்தோழர் வரும்வரையில் துன்பமே.

மரக்கறி உணவினராதலின் தாமே சமைத்து உண்டார். 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டபின் உணவுப்பொருள் அருகியது. வீட்டிலோ மாமியார்க்கும் மருமகளுக்கும் மனவேற்றுமை; மனைவியார் எழுதிய கடிதங்கள் அவர் கைக்குச் சேரவில்லை என்பர். 1917-இல் நோயுற்று, மருத்துவ விடுதி பலவற்றில் நாள் கழித்தார். அந்நோய் காசம் என்றே கொண்டனர். ஈரலைப் பற்றிய, தீர்க்கக்கூடிய வேறொரு நோயாகவே இருந்திருக்கலாம் என்று யங் என்பார் 1994-இல் ஆராய்ந்து எழுதினார். 1919-இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரல் 26-இல் தம் 32-ஆம் வயதிற் காலமானார். கடல் கடந்தவர், பிராயச்சித்தம் செய்துகொள்ளவில்லை என்று, ஆசாரமுடைய உறவினர் பலர் அவருடைய ஈமச்சடங்கிற்கும் வரவில்லை என அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

அன்பர்காள்! இறுதியிற் கூறிய செய்தியை ஒவ்வொரு குலத்தாரும் நெஞ்சில் இருத்துதல் வேண்டும். உலகம் போற்றிய ஒருவரை உற்றார் ஒதுக்கினர். இன்று பிராயச்சித்தம் கேட்பாரில்லை என்பது மெய்யே. ஆயின், "அங்கே யாதுண்டாள்? யாரோடு பழகினாள்?" என்று, வெளிநாடு சென்று வந்த பெண்ணைப் பற்றி வரன் பேசுமிடத்து முணுமுணுப்பார் நம்மிடையே இல்லையோ? அதுவும் அப்பழைய ஒதுக்கலின் மறுவடிவமே. தலைச்சேரியில் 1897-இற் பிறந்து, சென்னையிற் பயின்ற ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் தாவர இயலில் டாக்டர் பட்டம் பெற்றார். அத்தகைய பெண்மணி நம் குடும்பங்களில் தோன்றுவதை நம் நாவே தடுக்கலாமா?

ஆதலின், மூன்று கடமைகளைச் சங்கத்தின்முன் வைக்கின்றோம்.

முதலாவது, புறப்படுமுன் செய்வது. அங்குப் படிக்கும் பாடங்களுள் எவையெவை இங்குள்ள பட்டத்திற்குக் கணக்கிடப்படும் என்பதைத் தம் கல்லூரியினிடம் எழுத்தாற் பெறுதல் வேண்டும். இரு நாட்டுக் கல்லூரிகள் கூடி நடத்தும் 'டுவின்னிங்' என்னும் இணைப்புப் படிப்பில், அயல்நாட்டிற் பெறும் மதிப்பீட்டுப் புள்ளிகள் மொத்தத்தில் நூற்றுக்கு 30-க்கு மேற்படலாகாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதி. இதனையறியாது சென்றால் ஒரு பருவம் வீணாதலும் கூடும். மருத்துவக் காப்புறுதி செய்துகொள்க. சோறும் இரசமும் சொதியும் சமைக்க, ஆணாயினும் பெண்ணாயினும், வீட்டிலேயே பழகுக.

இரண்டாவது, அங்கிருக்குங்கால் செய்வது. முன் சென்று வந்தவருள் ஒருவரை ஒவ்வொரு மாணவர்க்கும் துணையாகச் சங்கம் குறித்தல் வேண்டும். கைப்பேசி உண்டே என்பீர்கள். கருவி உண்டு, உள்ளதை உள்ளபடி கூற மனம் வரவேண்டுமே! பெற்றோர் மதிப்பெண்ணையும் செலவையும் மட்டுமே கேட்டால், பிள்ளை "நலமே" என்று கூறித் தன் துன்பத்தை மறைத்துவிடும். உறக்கத்தையும் உணவையும் தோழரையும் பற்றி முதலிற் கேளுங்கள். மாணவர்களே, நீங்களும் நோயையோ மனச்சோர்வையோ ஒளியாதீர்கள். உதவி கேட்டல் இழிவன்று.

மூன்றாவது, மீண்டபின் செய்வது. அவர்களை இம்மேடையில் ஏற்றிப் பேசச்செய்து, கண்டதை இவ்விதழில் எழுதச் செய்க. அவர்தம் உடையையும் பேச்சையும் நகையாது, கற்றதைக் கேட்போமாக.

பொதிகையிற் பிறந்த பொருநை, மலையிலேயே நின்றுவிடின் நமக்கு நெல் ஏது? நம் மக்களும் சென்று கற்றுப் பயன்படுவாராக. அவர்கள் போகும்போது கூடி நிற்பது போலவே, இருக்கும்போதும் மீளும்போதும் கூடி நிற்போமாக.