கூரையில் ஏழு கோள்கள்

ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் திங்கட்கிழமையாக அமைந்தது ஏன்? கிழமைகளை இளமையிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். காரணத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

பழங்கால வானநூலார் பூமியை ஏழு கோள்கள் சுற்றிவருவதாக எண்ணினர். மெல்ல நகரும் சனியை முதலில் வைத்து, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என வரிசைப்படுத்தினர். நாளின் ஒவ்வொரு மணிக்கும் இவ்வரிசைப்படி ஒரு கோள் அதிபதி. முதல் மணிக்கு உரிய கோளின் பெயரே அந்நாளின் பெயர். சனிக்கிழமையின் முதல் மணியைச் சனிக்குக் கொடுத்து எண்ணிப் பாருங்கள். 25-ஆம் மணி, அதாவது மறுநாளின் முதல் மணி, ஞாயிற்றுக்கு உரியதாகும். நம் பஞ்சாங்கம் கூறும் ஓரைக் கணக்கும் இதுவே. இத்தாலிய மக்களும் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்களை இக்கோள்களின் பெயராலேயே இன்றும் அழைக்கின்றனர்.

அந்த இத்தாலியில், பெரூஜியா நகரில், நாணயம் மாற்றுவோர் சங்கத்தின் மண்டபம் ஒன்று உண்டு. தொழில் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளித்த இடம் அது. அதனை அணிசெய்யும் பணியை 1496-இல் பெருஜீனோ என்னும் ஓவியர் ஏற்றார். 1500 அளவில் அவரும் அவர்தம் மாணாக்கரும் அதனை முடித்தனர். கூரையின் நடுவே கதிரவன். சுற்றிலும் ஏனைய ஆறு கோள்களும் தேவர்களாய்த் தேரில் பவனி வருகின்றன. வியாழனின் தேரைக் கழுகுகளும், வெள்ளியின் தேரைப் புறாக்களும் இழுக்கின்றன. ஒவ்வொரு கோளும் ஆட்சிபெறும் இராசிகள் தேர்ச்சக்கரங்களில் தீட்டப்பட்டுள்ளன.

அம்மண்டபத்தின் படங்களைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. கோள்களே மனிதனை ஆட்டுவிப்பன என்றால், குற்றவாளியை எவ்வாறு தண்டிப்பது? நீதிக்குத்தான் அங்கே என்ன வேலை?

இதே வினா அக்கால அறிஞரையும் உலுக்கியது. பீக்கோ தெல்லா மிராந்தோலா என்ற இளம் அறிஞர் சோதிடத்தை மறுத்து ஒரு பெருநூல் எழுதினார். 1494-இல் 31-ஆம் வயதிலேயே அவர் மறைந்தார். நூல் 1496-இல் அச்சாயிற்று. வானம் உலகுக்கெல்லாம் பொதுவாக ஒளியும் வெம்மையும் இயக்கமும் தருகிறது. ஒருவனுடைய அறிவுக்கும் செயலுக்கும் காரணத்தை விண்மீன்களிடம் தேடலாகாது என்பது அவர் வாதம்.

பெரூஜியா வணிகர் கோள்களைக் கூரையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் கீழே சுவர்களைப் பாருங்கள். விவேகம், நீதி, உறுதி, அடக்கம் என்னும் நான்கு அறங்கள் பெண்ணுருவில் வீற்றிருக்கின்றன. அவற்றின் கீழே சாக்ரடீஸ், பெரிக்ளீஸ், லியோனிடாஸ் முதலிய சான்றோர் வரிசையாக நிற்கின்றனர். நடுவராக அமர்ந்தவர் அண்ணாந்து பார்த்தால்தான் கோள்கள் தெரியும். நிமிர்ந்து அமர்ந்தாலே சான்றோர் தெரிவர்.

காலத்தை அளக்கக் கோள்கள் வேண்டும். ஏழு கிழமைகளும் அவை தந்த பெயர்களே. ஆனால் அக்கிழமையில் நாம் செய்யும் செயலுக்கு நாமே பொறுப்பு. நாளை தேர்வு எழுதப் புறப்படுவோர் ஓரை பார்த்துப் புறப்பட்டாலும், விடைத்தாளில் எழுதவேண்டியது அவரவர் கைதான் அன்றோ?