வெற்றிரும்பும் முதற்பூச்சும்

(வெள்ளி விழாவின் தொழிற்கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



இம்மேடையில் பட்டப்படிப்பின் பெருமையைப் பலர் எடுத்துரைத்தனர். நாம் பெயிண்ட் வேலையைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இதுவும் கல்வியே. 1942இல் அண்ணல் அம்பேத்கர் அரசுக்கு அளித்த மனுவில், நம் இளைஞர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சியும் வேண்டுமெனக் கேட்டார் என்பதை நினைவிற்கொள்வோம்.

முன்பொரு முறை ஒரு வீட்டின் வாயிற்கதவுக்கு வண்ணம் பூசினோம். அது துத்தநாக முலாமிட்ட ஜி.ஐ. தகடு. இரும்புக்குரிய ரெட் ஆக்சைடு பிரைமரையே அதற்கும் பூசினோம். மழைக்காலம் முடியுமுன் வண்ணம் தோல் தோலாக உரிந்தது. கூலியில் பாதி நின்றது. 'இவர்களுக்கு வேலை தெரியாது' என்ற சொல்லோ முழுதாக வந்து சேர்ந்தது. எண்ணெய் கலந்த பூச்சு துத்தநாகத்தோடு வினைபுரிந்து, சோப்புப் போன்ற படலமாகிப் பிடிப்பை இழக்கும் என்பதைப் பின்னரே கற்றோம். கை தேர்ந்திருந்தது, காரணம் தெரியாதிருந்தது.

எனவே, முதலில் உலோகத்தை அறிக. சாதாரண இரும்புக் கிராதிக்கு ரெட் ஆக்சைடோ ஜிங்க் பாஸ்பேட்டோ போதும். ஜி.ஐ. தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் வேண்டும். கடலோர வேலைக்குத் துத்தநாகத் தூள் செறிந்த பிரைமர் சிறந்தது. துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும். ஆனால், மணல் வீச்சால் துலக்கிய இரும்பை அது நேரே தொட வேண்டும். துருவின் மேல் பூசினால் பயனில்லை.

அடுத்தது துப்புரவு. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பின்னரே கம்பி பிரஷும் உப்புத்தாளும். முறை மாறினால் பிசுக்கு எங்கும் பரவும். புதிய இரும்பிலுள்ள கருநீலச் செதிலை நம்பலாகாது; நாளடைவில் அது பெயரும்போது வண்ணத்தையும் கொண்டுபோகும். துலக்கிய இரும்பை இரவு தாண்ட விடாமல் அன்றே பூசிவிடுக. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைக் கடந்தாலும், இரும்பின் மேல் பனி படிந்திருந்தாலும் பூசலாகாது.

டப்பாவின் அடியில் தங்கிய நிறமியை நன்கு கலக்குக. விளிம்புகளிலும் பற்றவைப்புகளிலும் பூச்சு மெலிந்து நிற்குமாதலால், அவற்றுக்கு முன்னதாக ஒரு முறை தனியே பூசுக. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய இரு பூச்சுகள் மேல். பிரைமர் முடிவான காப்பு அன்று. மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விட்டால் அதனூடே துரு எழும். உரிய காலத்தில் மேற்பூச்சு இடுக.

இளைஞர்களே, உடலையும் காத்துக்கொள்ளுங்கள். பழைய செவ்வீயப் பூச்சில் ஈயமும், மஞ்சள் ஜிங்க் குரோமேட்டில் புற்றுநோய் விளைக்கும் குரோமியமும் உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டலாகாது என 2016இல் விதி வந்தது. எனினும் பழைய கதவுகளில் பழைய பூச்சே இருக்கிறது. அதனை உலரச் சுரண்டாமல் நனைத்துத் தேயுங்கள், முகக்காப்பு அணியுங்கள், வேலை உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

நம் தந்தையர் பிரஷ் பிடித்த கைகளைக் கூலிக்கைகள் என்றே உலகம் அழைத்தது. காரணம் அறிந்து வேலை செய்பவரை ஒருவரும் எளிதில் ஏய்க்க இயலாது. வேலையைத் தொடங்குமுன் உலோகம் இன்னது, பிரைமர் இன்னது எனத் தாளில் எழுதி, வேலை கொடுப்பவரிடம் ஒப்பம் பெறுங்கள். அத்தாள் உங்கள் கூலியைக் காக்கும். உங்கள் பெயரையும் காக்கும்.